தசையழற்சி நோய்களில் நுரையீரல் பாதிப்பின் நீண்டகாலப் போக்கு: எதிர்பொருள்வழிப் பகுப்பின் தேவை

அழற்சித் தசைநோய்களில் தோள், தொடைத் தசைகள் தளர்வதே முதலில் கண்ணில் படும் அடையாளம். உயிரிழப்புக்கு முன்னணிக் காரணமாவது, புற்றுநோயை அடுத்தோ அதற்கு இணையாகவோ, நுரையீரல் பாதிப்பு. டெர்மடோமயோசைட்டிஸ் எனப்படும் தோல்-தசையழற்சி, பாலிமயோசைட்டிஸ் எனப்படும் பல்தசையழற்சி, ஆன்டிசிந்தடேஸ் நோய்த்தொகுதி ஆகிய மூன்றிலும் காற்றுப்பைகளுக்கு இடையிலுள்ள திசு அழற்சியுற்று, பின்னர் தழும்பேறும் இடைத்திசு நுரையீரல் நோய் அடிக்கடி தோன்றுகிறது. உலகெங்கும் வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீடுகளின்படி, தோல்-தசையழற்சியும் பல்தசையழற்சியும் உள்ளவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு இது உண்டு. ஆசிய நாடுகளில் பாதிப்பேர் அளவிலும் ஐரோப்பாவில் நான்கில் ஒருவர் அளவிலும் காணப்படுகிறது. முதியோரிடம் வரும் உள்ளடக்கப் பொருள் தசையழற்சியில் மட்டும் இது அரிது.

நோயாளியும் குடும்பத்தாரும் மருத்துவரிடம் முதலில் கேட்பது ‘இனி எப்படி இருக்கும்?’ என்பதுதான். அதற்கு நூல்கள் பெரும்பாலும் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விழுக்காடு ஒன்றை விடையாகத் தருகின்றன. அந்த விடை தவறான கேள்விக்குச் சொன்ன சரியான கணக்கு என்பதே இக்கட்டுரையின் வாதம். தசையழற்சி சார்ந்த நுரையீரல் நோய் என்ற ஒரே தலைப்பின் கீழ், கால ஓட்டத்தில் ஒன்றோடொன்று ஒவ்வாத குறைந்தது இரண்டு நோய்கள் கிடக்கின்றன. ஒன்றில் எல்லாம் முதல் ஆறு மாதத்தில் முடிவாகிறது. மற்றொன்றில் பத்தாம் ஆண்டிலும் ஒன்றும் முடிவானதாகச் சொல்ல முடியாது.

தோல்-தசையழற்சியில் நுரையீரல் இடைத்திசு அழற்சியுறுவதை 1956இல் மில்ஸ், மேத்யூஸ் இருவரும் விவரித்தனர். ஆயினும் 1975இல் போஹன், பீட்டர் ஆகியோர் வகுத்து, அடுத்த நாற்பதாண்டு கோலோச்சிய ஐந்து அளவுகோல்களில் நுரையீரலுக்கு இடமில்லை. தசைத் தளர்ச்சி, தசைத் திசு ஆய்வு, இரத்தத்தில் தசை நொதிகளின் அளவு, தசை மின்பதிவு, தோல் தடிப்பு என்பவையே அவை. ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய்ச் சங்கங்கள் சேர்ந்து 2017இல் வெளியிட்ட புதிய வகைப்பாடும் எதிர்பொருள்களில், ஆன்டிசிந்தடேஸ் வகையைச் சேர்ந்த ஜோ-1 ஒன்றையே சேர்த்துக்கொண்டது. இடைத்திசு நோய் அதன் மதிப்பெண் பட்டியலில் இல்லை. இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதில்லை. தசை தளராமல் நுரையீரல் மட்டும் பாதிக்கப்பட்டவர் இவ்வளவுகோல்களின்படி தசையழற்சி நோயாளியே ஆகமாட்டார். ஆய்வுத் தொகுப்புகளில் சேராமல் விடுபடுவோர் பெரும்பாலும் இத்தகையோரே. நுரையீரல் நிலையில் மிகக் கடுமையானோர் இவர்களிடையே நிறையவே உண்டு.

முன்கணிப்பு பற்றிப் பேசுமுன் மற்றொன்றையும் பிரித்துவைக்க வேண்டும். இந்நோயாளிக்கு மூச்சு வாங்கினால் அதற்கு இடைத்திசு நோய் மட்டுமே காரணம் என்று கொள்ளலாகாது. உதரவிதானமும் விலா இடைத்தசைகளும் தளர்ந்தால் நுரையீரல் சீராக இருந்தும் மூச்சு குறையும். விழுங்கும் தசைகள் தளர்ந்தால் உணவும் எச்சிலும் மூச்சுக்குழலுக்குள் இறங்கி நிமோனியா வரும். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தே நுரையீரலில் அழற்சி உண்டாக்கலாம். நோயெதிர்ப்பை அடக்கும் சிகிச்சையால் தொற்று வரலாம். நீண்ட நாள் நோயில் நுரையீரல் தமனியின் அழுத்தம் உயரவும் கூடும். இவற்றின் போக்கும் தீர்வும் வேறுவேறு. இங்கே இடைத்திசு நோயே மையப் பொருள்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2001இல் வெளியிட்ட ஆய்வு நெடுங்காலம் மேற்கோளாக வழங்கிவருவது. நுரையீரல் பாதிப்புள்ள 70 தசையழற்சி நோயாளிகளில் ஓராண்டு உயிர்வாழ்வு 85.8, மூன்றாண்டு 74.4, ஐந்தாண்டு 60.4 விழுக்காடு. அறுவை மூலம் நுரையீரல் திசு எடுத்துப் பார்க்கப்பட்ட 22 பேரில் 18 பேருக்கு இருந்தது, குறிவகையற்ற இடைத்திசு அழற்சி எனப்படும் திசு அமைப்பு. காரணம் அறியப்படாத நுரையீரல் தழும்பேற்ற நோயில் கண்டறிந்த பின் சராசரி ஆயுள் மூன்று முதல் ஐந்தாண்டு என்பதோடு ஒப்பிட்டால் இது நல்ல செய்திதான். பத்தாண்டு கழித்து, 2011இல், பிரான்சிலிருந்து 107 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வந்தது. அதில் மூன்றில் ஒருவருக்கு நுரையீரல் பாதிப்பு முற்றிலும் தணிந்தது, ஏறத்தாழ பாதிப்பேருக்குக் குறைந்தது, ஆறில் ஒருவருக்கு மட்டுமே மோசமடைந்தது. அதே 107 பேரில் 22 பேருக்குத் தசைநோய் வெளிப்படுமுன்பே நுரையீரல் நோய் வந்துவிட்டது.

ஒரே நோய் என்று கருதப்பட்டதற்கு இவ்வளவு வேறுபட்ட இரு சித்திரங்கள் எப்படி வந்தன? பத்தாண்டில் சிகிச்சை முன்னேறிவிட்டது என்று விளக்குவது எளிது. ஆனால் அந்த இடைவெளியில் பயன்பாட்டில் இருந்தவை பெரும்பாலும் பழைய மருந்துகளே. இரு தொகுப்புகளிலும் யார் யார் என்ன விகிதத்தில் கலந்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தே எண் மாறியது என்று கொள்வதே பொருத்தம். விரைந்து முற்றும் வகையின் அடையாளமான எம்டிஏ-5 எதிர்பொருள் மேயோ ஆய்வின் காலத்தில் அறியப்படவே இல்லை. மாதங்களில் இறப்போரும் பல்லாண்டு வாழ்வோரும் ஒரே வளைகோட்டில் சேர்க்கப்பட்டனர். அப்படிச் சேர்த்து வரைந்த கோடு தொகுப்பிலுள்ள எந்த ஒரு நோயாளியின் கதையையும் சொல்வதில்லை.

முதல் வகைக்கு வருவோம். தசைத் தளர்ச்சி இல்லாத தோல்-தசையழற்சி நோயாளிகளின் இரத்தத்தில் 140 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதத்துக்கு எதிரான எதிர்பொருளை ஜப்பானில் சாத்தோவும் குழுவினரும் 2005இல் கண்டறிந்தனர். அப்புரதம் எம்டிஏ-5 என்பது 2009இல் தெளிவானது. ஆர்என்ஏ வைரஸ்கள் உயிரணுவுக்குள் நுழைந்ததை உணர்ந்து இன்டர்ஃபெரான் சுரப்பைத் தூண்டுவது அதன் இயல்பான பணி. இவ்வெதிர்பொருள் உள்ளவர்களிடம் தசை நொதி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். உள்ளங்கையிலும் விரல் மடிப்புகளிலும் வலியுள்ள சிறு தடிப்புகள், விரல் கணுக்களில் புண், முடி உதிர்தல், காய்ச்சல், மூட்டுவலி ஆகியவை முன்னே வரும். இருமல் தொடங்கிச் சில வாரங்களிலேயே ஆக்சிஜன் தேவைப்படும் நிலைக்குச் சிலர் போய்விடுகிறார்கள். நடுமார்பில் தானாகக் காற்றுக் கசிவதும் இவ்வகையில்தான் கூடுதல். கிழக்காசியாவிலிருந்து வந்த தொடக்க கால அறிக்கைகள் பலவற்றில் பாதிப்பேர் வரை இறந்திருந்தனர், பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள்.

இங்கே உயிர்வாழ்வு வளைகோட்டின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். முதல் மாதங்களில் அது செங்குத்தாக இறங்குகிறது, பிறகு ஏறக்குறைய சமதளமாகிவிடுகிறது. ஆறு மாதத்தையும் ஓராண்டையும் கடந்தவர்கள் பின்னர் நுரையீரல் நோயால் இறப்பது குறைவு. பலருக்கு எதிர்பொருளின் அளவே இறங்கிவிடுகிறது, சிலருக்கு மருந்தை நிறுத்தவும் முடிகிறது. எனவே இரண்டாம் ஆண்டில் வெளிநோயாளர் பிரிவுக்கு நடந்து வரும் எம்டிஏ-5 நோயாளியிடம் ஐந்தாண்டு விழுக்காட்டைச் சொல்வது அவரை வீணாக அச்சுறுத்துவதாகும். முதல் வாரத்தில் அனுமதிக்கப்பட்டவரிடம் அதே எண்ணைச் சொல்வது ஆபத்தைக் குறைத்துக் காட்டும். மறுபக்கமும் உண்டு. பெரிய மருத்துவமனைகளின் தொகுப்புகளில் அங்கே வந்து சேரும்வரை உயிரோடிருந்தவர்களே இடம்பெறுகிறார்கள். வழியிலேயே இறந்தவர் எந்த அட்டவணையிலும் இல்லை.

எம்டிஏ-5 உள்ள எல்லோரும் ஒரே தன்மையர் அல்லர். பிரான்சில் அலன்பாக் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில் 83 நோயாளிகள் மூன்று கூட்டங்களாகப் பிரிந்தனர். விரைந்து முற்றும் நுரையீரல் நோயுடையோர் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு, இறப்பு மிகுதியாக இருந்தது அவர்களிடமே. பாதிக்கு மேற்பட்டோருக்கு மூட்டுவலியும் தோல் அறிகுறிகளுமே மிகுந்திருந்தன, அவர்கள் நன்றாகத் தேறினர். தோல் இரத்தநாளப் பாதிப்பு மிகுந்த மூன்றாம் கூட்டம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஜப்பானியத் தொகுப்புகளின் இருண்ட சித்திரத்தையும் ஐரோப்பாவின் ஒப்பீட்டளவில் வெளிச்சமான சித்திரத்தையும் இன வேறுபாட்டால் மட்டுமே விளக்க முயல்வோர் இந்த உட்பிரிவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

யார் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை முன்கூட்டிச் சொல்ல உதவும் குறிகள் சில உள்ளன. ஜப்பானில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 497 நோயாளிகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட ஆய்வு நான்கைச் சுட்டியது: அறுபதும் அதற்கு மேலும் ஆன வயது, அழற்சியைக் காட்டும் சிஆர்பி புரதம் ஒரு டெசிலிட்டருக்கு 1 மி.கி.க்குக் குறையாதிருத்தல், இரத்த ஆக்சிஜன் செறிவு 95 விழுக்காட்டுக்குக் கீழ் இருத்தல், எம்டிஏ-5 எதிர்பொருள். இரத்தத்தில் ஃபெரிட்டின் ஏறிக்கொண்டே போவதும் தீய குறியே. இக்குறிகளின் மதிப்பு அவற்றின் எளிமையில் இருக்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியும் சிஆர்பி சோதனையும் மாவட்டத் தலைநகர் மருத்துவமனையிலும் கிடைப்பவை. எதிர்பொருள் அறிக்கை வர ஒரு வாரமானாலும் ஆபத்தின் அளவை அன்றே ஊகிக்க முடியும்.

சிகிச்சையால் இந்த உயிர்வாழ்வு வளைகோட்டை மேலே தூக்க முடியுமா? ஸ்டீராய்டில் தொடங்கி, பலனில்லையென்றால் மட்டுமே அடுத்த மருந்தைச் சேர்ப்பது பழைய வழக்கம். அதற்கு மாறாக, உயர்அளவு ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ், சைக்ளோஃபாஸ்ஃபமைடு மூன்றையும் முதலிலேயே சேர்த்துக் கொடுத்த ஜப்பானிய ஆய்வு 2020இல் வெளியானது. ஆறு மாத உயிர்வாழ்வு 89 விழுக்காடு. படிப்படியாக மருந்து கூட்டப்பட்ட முந்தைய நோயாளிகளிடம் அது 33 விழுக்காடாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சீனாவிலிருந்து வந்த சிறு அறிக்கையில், நோயின் தொடக்க நிலையில் டோஃபாசிட்டினிப் பெற்ற 18 பேரும் ஆறு மாதம் உயிர் பிழைத்தனர். ஒப்பீட்டுக் குழுவில் 78 விழுக்காட்டினரே பிழைத்தனர்.

இரண்டிலும் ஒப்பீடு பழைய நோயாளிகளோடு செய்யப்பட்டது என்பதை மறக்கலாகாது. எதிர்பொருள் சோதனை பரவிய பின் நோய் முன்னதாகவே, இலேசான நிலையிலேயே கண்டறியப்படுகிறது. உயிர்வாழ்வு உயர்ந்ததில் மருந்தின் பங்கு எவ்வளவு, முன்கூட்டிய கண்டறிதலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இவ்வாய்வுகளால் இயலாது. ஆயினும் 33க்கும் 89க்கும் இடையிலுள்ள தொலைவு முழுவதையும் சார்புப்பிழை என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்க வாதநோய்க் கல்லூரியும் மார்பு மருத்துவர் கல்லூரியும் 2023இல் உருவாக்கிய வழிகாட்டுதல், விரைந்து முற்றும் நோயில் தொடக்கத்திலேயே மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கப் பரிந்துரைத்தது இந்த நியாயத்தின்படியே. இதற்கு விலையும் உண்டு. மும்மருந்து பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு சைட்டோமெகலோ வைரஸ் மீண்டும் தலைதூக்கியது.

இரண்டாம் வகை இதற்கு நேர்மாறானது. புரதம் கட்டப்படும்போது அமினோ அமிலத்தைக் கடத்தி-ஆர்என்ஏவோடு இணைக்கும் நொதிகளுக்கு எதிரான எதிர்பொருள்களால் அடையாளம் காணப்படும் ஆன்டிசிந்தடேஸ் நோய்த்தொகுதி அது. ஜோ-1 என்ற எதிர்பொருள் 1980இல் விவரிக்கப்பட்டது. அது தாக்குவது ஹிஸ்டிடினுக்குரிய நொதியை என்பது 1983இல் நிறுவப்பட்டது. பின்னர் பிஎல்-7, பிஎல்-12, ஈஜே, ஓஜே, கேஎஸ் முதலியவை சேர்ந்தன. விரல் ஓரங்களில் தோல் தடித்து வெடித்தல், மூட்டழற்சி, குளிரில் விரல் வெளுத்தல், காய்ச்சல் ஆகியவை இதன் துணையடையாளங்கள். நுரையீரல் பாதிப்பு இவர்களில் பெரும்பான்மையோருக்கு உண்டு. பிஎல்-7, பிஎல்-12 உள்ளவர்களிடம் தசையைவிட நுரையீரலே முந்தி நிற்கும்.

இவர்களில் முதல் ஆண்டு இறப்பு குறைவு. ஸ்டீராய்டுக்கு நோய் பெரும்பாலும் இணங்கும். ஆனால் அளவைக் குறைக்கும்போது திரும்ப வரும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கொஞ்சம் தழும்பு மிஞ்சும். அதனால் வளைகோடு மெல்லச் சரிகிறது, சமதளம் ஆவதில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து 2014இல் வந்த 202 நோயாளிகள் பற்றிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஜோ-1 உள்ளவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 90, பத்தாண்டு 70 விழுக்காடு. ஏனைய ஆன்டிசிந்தடேஸ் எதிர்பொருள்கள் உள்ளவர்களில் 75, 47 விழுக்காடு. இறப்புக் காரணங்களில் முதலிடம் நுரையீரல் தழும்பேற்றத்துக்கு, அடுத்தது நுரையீரல் தமனி அழுத்தத்துக்கு. ஐந்தாம் ஆண்டோடு கணக்கை நிறுத்தியிருந்தால் ஜோ-1 ஏறக்குறைய தீங்கற்றது என்றே எண்ணத் தோன்றும். பத்தாம் ஆண்டு வேறு கதை சொல்கிறது.

ஜோ-1 அல்லாதவை இயல்பிலேயே கொடியவை என்று இந்த ஆய்வை மேற்கோள் காட்டுவோர் உண்டு. அதே ஆய்வில் உள்ள இன்னொரு செய்தி அவ்வளவாக மேற்கோளாவதில்லை. அறிகுறி தோன்றியது முதல் நோய் கண்டறியும்வரை கழிந்த இடைக்காலம் ஜோ-1 உள்ளவர்களுக்கு ஆண்டில் பாதிக்கும் குறைவு, மற்றவர்களுக்கு ஓராண்டு. உயிர்வாழ்வு வேறுபாட்டின் ஒரு பகுதிக்கேனும் இத்தாமதமே காரணமாகலாம் என்று ஆய்வாளர்களே எழுதியுள்ளனர். தாமதம் ஏன் நேர்கிறது என்று பார்த்தால் அக்கருத்துக்கு வலுக் கூடுகிறது. தசை தளராததால் தசை நொதிச் சோதனை யாருக்கும் தோன்றுவதில்லை. மூச்சுத்திணறலோடு வருபவருக்கு, உட்கருவுக்கு எதிரான எதிர்பொருளைத் தேடும் ஏஎன்ஏ சோதனை செய்து, அது எதிர்மறையாக வந்ததும் தன்னெதிர்ப்பு நோய் இல்லை என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். ஆன்டிசிந்தடேஸ் எதிர்பொருள்கள் தாக்குவது உயிரணுவின் உட்கருவை அன்று, அதைச் சூழ்ந்த சைட்டோபிளாசத்திலுள்ள நொதியை. உட்கருவைத் தேடும் சோதனையில் அவை தப்பிவிடுவது வியப்பன்று. ஒருவரது தலைவிதி என்று நூல்கள் எழுதுவதில் ஒரு பங்கு சோதனைக்கூடப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறியிடப்பட்டது என்பதைப் பொறுத்தது. உயிரியல் வேறுபாடே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ரோ-52 என்ற மற்றோர் எதிர்பொருளும் சேர்ந்திருப்பவர்களுக்கு நுரையீரல் நோய் கடுமையாக இருப்பது பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. தாமதத்தைக் கணக்கில் கழித்த பிறகு எஞ்சுவதை மட்டுமே உயிரியலுக்குரியதாகக் கொள்ள வேண்டும்.

மெல்ல முற்றும் இந்த வகையில் எதை அளந்து போக்கை அறிவது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. நுரையீரல் நோயில் வழக்கமான அளவுகோல், முழுமூச்சு இழுத்துப் பலமாக ஊதித் தள்ளும் காற்றின் அளவான எஃப்விசி. பன்னாட்டு நுரையீரல் சங்கங்கள் 2022இல் வகுத்தபடி, ஓராண்டில் அது எதிர்பார்ப்பு அளவில் ஐந்து விழுக்காட்டுப் புள்ளி குறைவது, முற்றும் தழும்பேற்றத்தின் குறிகளில் ஒன்று. தசையழற்சி நோயாளியிடம் அதே எண் மூச்சுத் தசைகளின் வலிமையையும் சேர்த்தே அளக்கிறது. தசை தளர்ந்தால் நுரையீரல் மோசமாகாமலே எஃப்விசி இறங்கும். சிகிச்சையால் தசை தேறும்போது நுரையீரலில் தழும்பு கூடிக்கொண்டிருந்தாலும் எஃப்விசி அப்படியே நிற்கும், ஏறவும் கூடும். இரண்டாவது பிழையே ஆபத்தானது, ஏனெனில் நல்ல செய்தியின் வேடத்தில் வருகிறது. இதனால் வளிப் பரிமாற்றத் திறன், மூச்சுத் தசைகளின் உச்ச அழுத்தம், நின்றும் படுத்தும் எடுத்த எஃப்விசிக்கு இடையிலான வேறுபாடு ஆகியவற்றோடு உயர்துல்லிய சிடி படத்தையும் சேர்த்தே ஒரு முடிவுக்கு வர இயலும். மருந்தாய்வுகள் பலவும் எஃப்விசியை மட்டுமே முதன்மை முடிவாகக் கொள்வது இந்நோயைப் பொறுத்தவரை குறையே.

நீண்டகால மருந்துகளுக்கான சான்று இன்னும் மெலிந்தே இருக்கிறது. பிரிட்டனில் நடந்த ரெசிட்டல் ஆய்வில் சேர்ந்த சுமார் நூறு பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் தசையழற்சி நோயாளிகள். ரிட்டுக்சிமாப், சைக்ளோஃபாஸ்ஃபமைடைவிட மேலானதாக நிரூபணமாகவில்லை. இரண்டிலும் நுரையீரல் செயல்பாடு உயர்ந்தது, பக்கவிளைவு ரிட்டுக்சிமாபில் குறைவு. தழும்பேற்றத்தைத் தணிக்கும் நின்டெடானிப் பற்றிய 2019ஆம் ஆண்டின் இன்பில்ட் ஆய்வில் 663 பேர் இருந்தும், தன்னெதிர்ப்பு நோய் சார்ந்தோர் 170 பேரே. அவர்களில் முடக்குவாதம் உள்ளோர் மிகுதி, தசையழற்சி நோயாளிகள் மிகச் சொற்பம். மைக்கோஃபினோலேட், அசதயாப்ரின், டாக்ரோலிமஸ் ஆகியவற்றை அன்றாடம் எழுதிக் கொடுப்பதற்கு அடிப்படை பெரும்பாலும் பின்னோக்கிப் பார்த்த சிறு தொகுப்புகளே. அதற்காக அவற்றைத் தவிர்ப்பதற்கில்லை. தழும்பேறிய பகுதி மீளாது என்பதால், அழற்சி நிலையில் இருக்கும்போதே அடக்குவது நியாயமே. சான்றின் தரத்தை மட்டும் உள்ளதற்கு மேல் உயர்த்திச் சொல்லக்கூடாது.

இந்தியச் சூழல் இக்கணக்கில் வேறொரு காரணியைச் சேர்க்கிறது. நாட்டின் 19 நகரங்களில் 27 மையங்கள் சேர்ந்து நடத்திய இடைத்திசு நுரையீரல் நோய்ப் பதிவேடு 2017இல் 1,084 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. அதில் தசையழற்சியும் அடங்கும் இணைப்புத்திசு நோய் சார்ந்தவை 13.9 விழுக்காடு, காரணம் அறியப்படாத தழும்பேற்றத்துக்கு ஏறத்தாழச் சமமான பங்கு. நாள்பட்ட இருமலும் எடைக்குறைவும் மார்பு எக்ஸ்ரேயில் நிழலும் இருந்தால் காசநோய் என்று முதலில் எண்ணுவது இந்நாட்டில் நியாயமான எண்ணமே. சளியில் கிருமி இல்லாதபோதும் காசநோய் மருந்தை மாதக்கணக்கில் தொடர்வதுதான் நியாயமற்றது. அந்த மாதங்கள் நுரையீரல் தழும்பேறும் மாதங்கள். மறுபுறம், நோயெதிர்ப்பு அடக்கிகள் தொடங்கிய பின் உறங்கிக்கிடந்த காசநோய் விழித்துக்கொள்வதும் இங்கே உண்மையான ஆபத்து. காசநோய், ஹெபடைட்டிஸ்-பி இரண்டையும் முன்கூட்டிச் சோதிப்பதும், நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் கொடுப்பதும் முன்கணிப்பை மாற்றும் செயல்கள். பல ஆண்டு ஸ்டீராய்டு எடுப்பவர் நுரையீரல் நோயிலிருந்து தப்பித் தொற்றில் இறந்தால் அதுவும் இந்நோயின் கணக்கில்தான் சேரும்.

மருந்துக்கு அடங்காத நிலையில் எஞ்சும் வழி நுரையீரல் மாற்று அறுவை. விழுங்கும் தசைகளின் தளர்ச்சியும் உடன் வரும் புற்றுநோயும் முன்பு இதற்குத் தடைகளாகக் கருதப்பட்டன. இன்று தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னெதிர்ப்பு நோயாளிகளின் மாற்று அறுவை முடிவுகள், காரணம் அறியப்படாத தழும்பேற்றத்தில் செய்யும் அறுவையின் முடிவுகளை நெருங்குகின்றன. எம்டிஏ-5 நோயில் உடலுக்கு வெளியே இரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ கருவியின் துணையோடு மாற்று உறுப்புக்குக் காத்திருந்து பிழைத்தவர்களும் உண்டு. விரைந்து முற்றும் வகையில் மாற்று அறுவை மையத்தோடான பேச்சு, ஆக்சிஜன் தேவை தொடங்கிய வாரத்திலேயே நடக்க வேண்டும். ஆன்டிசிந்தடேஸ் வகையில் எஃப்விசியும் வளிப் பரிமாற்றமும் சேர்ந்து இறங்கத் தொடங்கும் ஆண்டிலேயே பரிந்துரைக் கடிதம் போக வேண்டும். படுக்கையில் விழுந்த பின் அனுப்பப்படுவோரைப் பெரும்பாலான மையங்கள் ஏற்பதில்லை.